கமா அக்கா

எங்கள் பெட்டியில் அவருக்குப் பேர் கமா அக்கா. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று சீசன் டிக்கெட்டில் இருந்தது. ஆனால் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குக் காலையில் புறப்படும் ரயிலில், மூன்றாவது பெட்டியில், அந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நானும் அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, கேட்காததை எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

நாங்கள் இரண்டு பேரும் பெங்களூரில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் வேலை பார்த்தோம். தங்கச் சுரங்கத்தை மூடியபோது நான் அங்கே ஆள் வருகையைப் பதிகிற டைம் ஆபீசில் கிளார்க், அவர் இன்னொரு ஆபீசில் டைப்பிஸ்ட். மூடிய பிறகு தங்கவயலில் பாதிப்பேர் போல நாங்களும் ரயிலேறினோம். பழைய சட்டப் புத்தகங்களை மறுபதிப்புப் போடுவதுதான் அந்தப் பதிப்பகத்தின் தொழில். வெள்ளைக்காரன் காலத்துத் தீர்ப்புகள், மைசூர் சமஸ்தானத்துச் சட்டங்கள், விசாரணை அறிக்கைகள், மறந்துபோன வக்கீல்கள் எழுதிய விளக்க உரைகள். இதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்று என் மனைவி கேட்பாள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் வாங்குவார்கள், நூலகங்கள் வாங்கும், எப்போதாவது ஒரு பிடிவாதக்கார வக்கீல் வாங்குவார். அதற்கு மேல் கிடையாது.

மூலப் புத்தகத்தைத் தொட்டால் உதிர்ந்துவிடும். அதனால் ஜெராக்ஸ் எடுத்து, கம்ப்யூட்டரில் புதிதாக அடித்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒருவர் பழையதை வாய்விட்டுப் படிப்பார். மற்றவர் புதியதைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் "சரி" என்று சொல்வார். ஆபீசில் உட்கார்ந்து செய்கிற வேலை இது. ரயிலில் இரண்டரை மணி நேரம் சும்மா போகிறதே என்று சொல்லி அதைப் பெட்டிக்குள் கொண்டுவந்தவர் அவர்தான்.

படிப்பது அவர், சரி சொல்வது நான். கமா, செமிகோலன், அடைப்புக்குறி, எதையும் விடமாட்டார். "தி செட் ஒர்க்மேன் கமா பீயிங் தென் இன் தி கேஜ் கமா" என்று போகும். ஆள் பேர் வந்தால் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வார், நம்பர் வந்தால் ஒவ்வொரு இலக்கமாக. தூங்க நினைத்தவர்கள் முதலில் திட்டினார்கள். பிறகு கேட்க ஆரம்பித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஷாஃப்ட், லெவல், கேஜ் என்று சுரங்க வார்த்தை காதில் விழுந்தால் போதும், மீதி இங்கிலீஷைத் தாங்களே இட்டு நிரப்பிக்கொள்வார்கள். சந்தேகம் வந்தால் அக்காவிடம் கேட்பார்கள். அவரும் அந்தப் பக்கத்தில் அச்சாகி இருப்பதை மட்டும் தமிழில் சொல்வார்.

தொழிலாளர்களுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த லைன் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட ஒரு விதவையின் வழக்கு மட்டும் ஒரு வாரம் ஓடியது. ஒயிட்ஃபீல்டில் செக்யூரிட்டி வேலை பார்த்த ஒருவர் ஏறியதும் ஏறாததுமாகக் கேட்பார்.

"இன்னாச்சுக்கா, அந்தம்மாக்கு வூடு கெடச்சுதா?"

"இன்னும் வக்கீல் பேசிகினு கீறாரு."

வெள்ளிக்கிழமை தீர்ப்பு வந்தது. இரண்டு வாக்கியம் படித்தார், பிறகு "இங்க பக்கம் கிழிஞ்சிருக்குது" என்று சொல்லி அடுத்த வழக்குக்குப் போய்விட்டார். பெட்டியே கொந்தளித்தது.

"கெடச்சுதுன்னு சொல்லிட்டுப் போங்கக்கா. யாரு வந்து கேக்கப்போறாங்க?"

"புக்ல இல்லியே."

அந்த செக்யூரிட்டிக்காரர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. எனக்கும் எரிச்சல்தான். செத்துப்போன ஒரு பெண்ணுக்கு ஒரு வீட்டைக் கொடுத்தால் இவர் சொத்தா போய்விடும் என்று நினைத்தேன்.

அச்சில் மட்டும் இப்படி என்றால் பரவாயில்லை. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பையனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று விசாரிக்க வந்தவர்களிடம், "காலைல ஸ்டேஷன்ல பாப்பேன். குளிச்சிட்டு வருவாரு. சீட்டு கெடச்சா உக்காருவாரு. அவ்வளவுதாங்க தெரியும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வந்தவர்கள் அதில் ஏதோ சூசகம் இருக்கிறது என்று பயந்து சம்பந்தத்தையே விட்டுவிட்டார்கள். பையனின் அம்மா பிளாட்பாரத்தில் வந்து சண்டை போட்டாள். "நான் ஒண்ணும் தப்பா சொல்லலியே" என்று இவர் உண்மையாகவே புரியாமல் நின்றார். நல்ல வார்த்தை ஒன்று கூடச் சேர்த்தால் என்ன என்று நான் கேட்டேன். தனக்குத் தெரியாத நல்ல வார்த்தையை எப்படிச் சொல்வது என்று திருப்பிக் கேட்டார். இந்த மாதிரி ஆளோடு என்ன பேசுவது?

ஒருமுறை பதிப்பகத்தில் பெரிய வாக்குவாதம். பழைய விளக்க உரை ஒன்றில் சுரங்கக் கூலிகளைப் பற்றி, குறிப்பாக வடாற்காட்டிலிருந்து வந்த எங்கள் ஜனங்களைப் பற்றி, நாலு வரி இருந்தது. குடிகாரர்கள், பொய்யர்கள், இவர்கள் சாட்சியை நம்பக்கூடாது என்று எழுதி, ஜாதியைச் சொல்லி இன்னும் கேவலமாக ஒரு வார்த்தை. முதலாளி நல்ல மனுஷர். இந்தக் காலத்தில் இதையெல்லாம் அச்சடிக்க வேண்டாம், எடுத்துவிடலாம் என்றார். நானும் தலையாட்டினேன். அக்காவின் குடும்பம் தாத்தா காலத்திலேயே பௌத்தத்துக்கு மாறியது, அந்த வார்த்தை யாரைக் குறிக்கிறது என்பது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர்தான் கூடாது என்றார்.

"அவங்க எழுதுனது அவங்க தலைமேலயே கெடக்கட்டும் சார். நாம எடுத்துட்டா அவங்களுக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

மறுநாள் ரயிலில் அந்த நாலு வரியையும் கமா விடாமல் படித்தார். குரல் கொஞ்சமும் மாறவில்லை. நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சரி சொன்னேன்.

இனி என் கதைக்கு வருகிறேன், அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

நந்திதுர்க் சுரங்கத்தை ஒட்டிய எங்கள் லைனில் எங்கள் வீட்டுக்குப் பட்டப்பேர் தப்புமணி வீடு. என் தாத்தா முனுசாமி அந்தக் காலத்தில் சுரங்கத்துக்குள் பெல்மேன். ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டான கேஜில் எல்லோரும் ஏறி முடித்ததும் கம்பியை இழுத்து மேலே இருக்கிற என்ஜின் டிரைவருக்கு மணி கொடுப்பது அவர் வேலை. ஒருநாள் ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது, கேஜ் கிளம்பிவிட்டது. இரண்டு பேர் செத்துப்போனார்கள். தாத்தாவின் வேலை போயிற்று. கொஞ்ச நாளில் அவரும் போய்ச் சேர்ந்தார். அப்பாவுக்கு அப்போது ஏழெட்டு வயது. பிற்பாடு அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது, ஆனால் கடைசிவரை தரைக்கு மேலேதான். அவர் ஏறினால் அந்தக் கேஜில் மற்றவர்கள் ஏறத் தயங்கினார்கள். நான் பள்ளிக்கூடம் போகும்போது கூட, என்னைப் பார்த்தால் பையன்கள் கையைத் தூக்கிக் கம்பி இழுப்பதுபோல் காட்டுவார்கள். வீட்டில் தாத்தாவின் பேரை யாரும் சொல்லமாட்டார்கள். வேலையாள் நம்பர் பொறித்த அவருடைய பித்தளை டோக்கன் ஒன்று மட்டும் அப்பாவின் சாவிக்கொத்தில் தொங்கும். நம்பர் 3714.

பதிப்பகத்துக்குப் பழைய சுரங்க விபத்து விசாரணை அறிக்கைகளின் தொகுதி வந்தது. கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டும்போது அக்கா ஒரு பத்தியைப் படித்தார். கேஜ், பெல், தவறான சிக்னல். பிறகு எழுத்தெழுத்தாக ஒரு பேர், இலக்கம் இலக்கமாக ஒரு நம்பர். மூன்று, ஏழு, ஒன்று, நான்கு. பெட்டியில் யாருக்கும் அது மனுஷன் பேராகக் காதில் விழுந்திருக்காது. என் கையில் இருந்த தாளில் அது முழுதாக இருந்தது. சரி என்று சொன்னேன்.

கன்டோன்மென்ட்டில் இறங்கியதும் அவரை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அக்கா, பேரும் நம்பரும் மட்டும் வேணாம். ஒரு பெல்மேன்னு போட்டா போதும். எங்கப்பா இன்னும் உயிரோட கீறாரு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கித்தான் இருந்தது.

"எனக்குக் கஷ்டமா கீது தம்பி. ஆனா அது நம்ம வேலை இல்ல."

"யாருக்கு நஷ்டம்?"

"அது எனக்குத் தெரியாது. தெரியாதனாலதான் எடுக்கக்கூடாதுன்றேன்."

அன்று அவரை வெறுத்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், நெஞ்சு எரிய வெறுத்தேன். ஒரு வாரம் கழித்து, திருத்தங்களைக் கம்ப்யூட்டர் ஆபரேட்டரிடம் சொல்லிப் போடவைக்கும்போது, யாரும் கேட்காத ஒரு திருத்தத்தையும் சேர்த்துச் சொன்னேன். பேர் போயிற்று, நம்பர் போயிற்று. வெறும் "பெல்மேன்" நின்றது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, அப்பாவுக்கு ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டதாக ஒரு மிதப்பு.

அக்காவுக்கு இன்னொரு வழக்கம் இருந்ததை அந்த மிதப்பில் மறந்துவிட்டேன். அச்சாகி வரும் முதல் காப்பியை மறுபடியும் ஒருதரம் மூலத்தோடு ஒப்பிட்டுப் படிப்பார். மூலம் அவர் கையில், புதுப் புத்தகம் என் கையில். அந்தப் பக்கம் வந்தது. எழுத்தெழுத்தாகப் படித்தார். மூன்று, ஏழு, ஒன்று, நான்கு. என் கையில் இருந்த பக்கத்தில் அது எதுவும் இல்லை. வாக்கியம் முடிந்ததும் நிறுத்தினார்.

"சரி" என்றேன்.

அவர் பக்கத்தைத் திருப்பினார். அப்போதே அவருக்குத் தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எட்டிப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். எட்டிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. எதிரில் இருப்பவன் சரி என்றால் சரி.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து வேறொரு தொகுதி கைக்கு வந்தது. ஏதோ ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் இயந்திரங்கள் விஷயமாக நடந்த வழக்கு, எங்களுக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. வழக்கில் சாட்சியமாகக் காட்டிய தஸ்தாவேஜுகளைப் பின்னிணைப்பில் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்று, ஷாஃப்டில் ஏதாவது பழுது இருந்தால் எழுதி வைக்கிற நோட்டின் சில பக்கங்கள். பெரும்பாலும் கயிறு, சக்கரம், எண்ணெய். அக்கா படித்துக்கொண்டே போனார், நான் சரி, சரி என்று சொல்லிக்கொண்டே போனேன். பங்காருபேட்டையில் ஏறிய கூட்டம் இடம் தேடிக்கொண்டிருந்தது.

பெல் கம்பி தளர்ந்திருக்கிறது. கேஜ் அசைந்தாலே தானாக மணி அடிக்கிறது. தெரிவித்தவர் பெல்மேன். பிறகு எழுத்தெழுத்தாக ஒரு பேர். மூன்று, ஏழு, ஒன்று, நான்கு.

நான் சரி சொல்லவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு, நாங்கள் சேர்ந்து படித்த ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, நான் சரி சொல்லாமலேயே அடுத்த வாக்கியத்துக்குப் போனார். அதே நோட்டில் இன்னும் இரண்டு இடத்தில் அதே புகார், அதே பேர், அதே நம்பர். மூன்றும் விபத்துக்கு முந்தின வாரத்துத் தேதிகள்.

"தம்பி, அந்த மொத புக்ல இந்தப் பேரு கீது இல்ல? அதையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா யாருக்கும் புரியும்."

அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். என் தாத்தாவுக்காகச் சந்தோஷப்பட்ட முதல் வெளி மனுஷி அவர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேருக்கு நடுவில், ஜெராக்ஸ் தாளால் முகத்தை மூடிக்கொண்டு, நான் செய்ததைச் சொன்னேன். பழி சொன்ன புத்தகத்திலிருந்து பேரை எடுத்துவிட்டேன். அந்தப் பேர் இல்லாவிட்டால் இந்த நோட்டில் இருக்கிற முனுசாமி யாரோ ஒரு முனுசாமி. அவரைக் காப்பாற்ற இருந்த ஒரே நூலை, அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து நானே அறுத்துவிட்டேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"முதலாளிகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

நான்தான் சொன்னேன். முதலாளி அரைமணி நேரம் கத்தினார். பிறகு திருத்தச் சீட்டு அச்சடித்து ஒவ்வொரு காப்பியிலும் ஒட்ட வேண்டும் என்று தீர்மானமாயிற்று. சீட்டின் வாசகத்தை அக்கா எழுதினார். இந்தப் பக்கத்தில், இந்த வரியில், "பெல்மேன்" என்று இருப்பதை "பெல்மேன் முனுசாமி, டோக்கன் 3714" என்று படிக்கவும். அவ்வளவுதான். அடுத்த தொகுதியின் பின்னிணைப்பையும் பார்க்கவும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். மறுத்துவிட்டார்.

"அது மூலத்துல இல்ல. படிக்கிறவங்க கண்டுபுடிப்பாங்க."

"கண்டுபுடிக்கலன்னா?"

"கண்டுபுடிக்கிறதுக்கு வழி கீதுல்ல இப்போ? நேத்துவரைக்கும் அதுவும் இல்ல."

ஸ்டாக்கில் இருந்த காப்பிகளில் இரண்டு பேரும் உட்கார்ந்து சீட்டு ஒட்டினோம். வெளியூர் போன காப்பிகளுக்குத் தபாலில் அனுப்பினோம். பெங்களூரில் இருந்த நூலகங்களுக்கு நான் சனிக்கிழமைகளில் நேரில் போனேன், கையில் ஒரு பசை டப்பாவோடு. ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்காவும் கூட வந்தார். நீங்கள் ஏன் அலைகிறீர்கள் என்று கேட்டதற்கு, "படிச்சது நான்தான" என்றார்.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். தாத்தா மூன்று தடவை எழுதிக் கொடுத்திருக்கிறார், கம்பி பழுது என்று. அப்பா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருந்தார்.

"நீ என் புள்ள. எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு எதுனா சொல்லுவ."

ஜெராக்ஸைக் காட்டினேன். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, இங்கிலீஷும் அந்த அளவுக்கு வராது. காகிதத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ரயில்ல படிக்கிமே, அந்தக் கமா அக்கா. அத்த இட்டுகினு வா. அது ஒருத்தருக்காக ஒரு வார்த்த கூட்டிச் சொல்லாதாமே. அது சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். அவர் வருவது லைனில் தெரிந்து நாலைந்து பேர் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். அவர்களில் என் வயதுக்காரர்கள் இரண்டு பேர், சின்ன வயதில் என்னைப் பார்த்துக் கம்பி இழுத்துக் காட்டியவர்கள். அக்கா காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஜெராக்ஸைத் தான் வைத்துக்கொண்டு அச்சான புத்தகங்களை என் கையில் கொடுத்தார். வெறுமனே படித்துக் காட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் வேலை பார்க்க வந்திருந்தார்.

முதலில் விசாரணை அறிக்கை. பெல்மேனின் தவறான சிக்னலே காரணம் என்ற வாக்கியத்தை இங்கிலீஷில் கமா விடாமல் படித்து, பிறகு தமிழில் சொன்னார். கொஞ்சமும் மெதுவாக்கவில்லை. அப்பாவின் தலை குனிந்தது. பிறகு நோட்டுப் பக்கம். கம்பி தளர்ந்திருக்கிறது, தானாக மணி அடிக்கிறது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. தேதிகளோடு.

அப்பா நிமிர்ந்தார்.

"அப்போ எங்கப்பா மேல தப்பு இல்லியா தாயீ?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று உள்ளுக்குள் அவரைக் கும்பிட்டேன். அந்த விதவைக்கு வீடு கிடைத்தது என்று சொல்லாதவர்தான் இவர் என்பதும் நினைவுக்கு வந்தது.

"அப்படின்னு புக்ல இல்லீங்க. மூணு தபா எழுதிக் குடுத்தாருன்னு கீது. அதுக்கு அப்பால யாரும் கம்பிய மாத்துனதா எழுதல. அவ்வளவுதான் கீது."

அப்பா வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். கம்பி இழுத்துக் காட்டிய இரண்டு பேரும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். வேறு யாராவது ஆமாம் என்று சொல்லியிருந்தால் அது ஆறுதலாகப் போயிருக்கும், இப்போது எல்லோருக்கும் அது சாட்சியாக ஆகிவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. அப்பா சாவிக்கொத்திலிருந்து டோக்கனை மெல்லக் கழற்றி அக்காவின் பக்கம் நீட்டினார்.

"பேர இன்னொரு தபா படிம்மா."

அவர் டோக்கனை வாங்கவில்லை, நம்பர் தெரிகிற மாதிரி அதை வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மொத புக்க எடு தம்பி. சீட்டு ஒட்டுன பக்கம்."

எடுத்தேன். பசை காய்ந்து ஓரத்தில் லேசாகச் சுருங்கியிருந்தது. அவர் பழைய தாளைப் பார்த்து, எழுத்தெழுத்தாக, வெள்ளைக்காரன் எழுதியபடியே, எம் ஓ ஓ என் ஐ என்று ஆரம்பித்தார். அப்பாவின் உதடுகள் கூடவே அசைந்தன. பேர் முடிந்தது, கமா என்றார். மூன்று, ஏழு, ஒன்று, நான்கு. முற்றுப்புள்ளி. நிறுத்திவிட்டு, வழக்கம்போல, எனக்காகக் காத்திருந்தார்.

"சரி" என்றேன்.